மூணு மீட்டர் முன்னப்பின்ன

"இதுக்கு மூஞ்சியே இல்லயே!" என்றாள் ஜோதி.

அவள் கணவர் அழகுராஜா பார்சலுக்குள் மறுபடியும் கைவிட்டுத் துழாவினார். வேறெதுவும் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அதிலிருந்து தொங்கும் இரண்டு ஒயர்கள். திரை கிடையாது, பட்டன் கிடையாது.

"ஜி.பி.எஸ்.னுதானடி போட்டிருந்துச்சு?"

"போட்டிருந்துச்சு. இருக்கிறதுலயே சின்னதா, வெல கம்மியாப் பாத்து அமுக்குன்னு நீங்கதேன் சொன்னீக."

அழகுராஜா போடிநாயக்கனூரில் முப்பது வருடமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். எந்த இயந்திரத்தையும் கையில் தூக்கிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவார். அதைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார். அப்படிப்பட்டவரை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவள் அவருடைய மகள் முத்துப்பிரியா.

அவள் மலைமேல் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை, அழகுராஜா தேவாரம் ஊரில் தாம் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தபோது, தான் ஒருவரை விரும்புவதாகச் சொன்னாள். அழகுராஜா கத்தினார். யாரவன் என்று மூன்று முறை கேட்டார். பதில் சொல்ல மூன்று முறையும் இடம் கொடுக்கவில்லை.

"சரிப்பா," என்றாள் கடைசியில். "நாங்க பள்ளிக்கூடத்துல பிள்ளைகளோட ஒரு வெளாட்டு வெளாடுவோம். ஒருத்தர் ஒரு டப்பாவ ஒளிச்சு வச்சுட்டு, அது இருக்கிற எடத்தோட நம்பர மட்டும் குடுப்பாக. மத்தவுக ஜி.பி.எஸ். கருவியில அந்த நம்பரப் போட்டுத் தேடி எடுக்கணும். உலகம் பூரா வெளாடுறாக. உங்களுக்கும் மலையில ஒரு டப்பா வச்சிருக்கேன். நம்பரு இந்தச் சீட்டுல எழுதியிருக்கு. அவரப் பத்தி அதுலதான் எழுதியிருக்கேன்."

"நான் என்ன பிள்ளையா?"

"ஆவணி பொறக்குறதுக்குள்ள நீங்களே தேடி எடுத்துட்டா, தேவாரத்து மாப்ளைக்கே கழுத்த நீட்டுறேன். எடுக்கலேன்னா, நான் சொல்றவருக்கு நீங்க சரின்னு சொல்லணும். போனை வச்சுத் தேடக்கூடாது. மேல டவரும் கெடைக்காது."

அழகுராஜா உடனே சம்மதித்தார். கேவலம் ஒரு டப்பா!

அந்தக் கறுப்புப் பெட்டி என்னவென்று இரண்டு நாளில் தெரிந்தது. வண்டியில் ஒளித்து வைத்தால் வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொடுக்கும் கருவி. வாங்கியதை வீணாக்க மனம் வராமல் அதைத் தம்முடைய மொபெட்டிலேயே மாட்டினார். வாங்கும்போது கொடுத்தது ஜோதியின் நம்பர் என்பதை மறந்துவிட்டார்.

"காலையில பதினொன்னேகாலுக்கு எங்க போனீக?" என்றாள் ஜோதி, போனைப் பார்த்துக்கொண்டே.

"காயில் வயரு வாங்கப் போனேன்."

"பரோட்டாக் கடையில என்ன சைசு வயரு விக்கிறாக?"

சர்க்கரை நோய்க்கு டாக்டர் பரோட்டாவை நிறுத்தி ஆறு மாதமாகியிருந்தது. அன்று ராத்திரியிலிருந்து அழகுராஜாவுக்கு மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ்தான்.

சின்னதை வாங்கியதுதான் தப்பு என்று முடிவுக்கு வந்தார். லாரி ஓட்டும் ஒரு வாடிக்கையாளர் மூலமாக ராமேஸ்வரம் பக்கத்துப் படகுக்காரர் ஒருவரின் பழைய கருவி வந்து சேர்ந்தது. செங்கல் கனம் இருந்தது. கையில் தூக்கிப் பார்த்ததும் அழகுராஜாவுக்குத் திருப்தி.

"இதுதேன் சாமான்," என்றார்.

"கருவாட்டு வாட அடிக்குது," என்றாள் ஜோதி.

எஸ்டேட் வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் லிங்கேஸ்வரனின் ஜீப்பில் மலைக்குக் கிளம்பினார். அவருக்கு மலை ஆகாது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே கூழ் வெளியே வந்துவிட்டது. லிங்கேஸ்வரன் வண்டியை ஓரங்கட்டி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தான்.

"மோந்துக்கிட்டே வாங்க சார். தூரமாப் பாருங்க, கீழ பாக்காதீக."

"நீ ஒழுங்கா ஓட்டுனா நான் ஏன் வாந்தியெடுக்கப் போறேன்?" என்றார் அழகுராஜா.

"சரிங்க சார்," என்று அவன் இன்னும் மெதுவாக ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த எஸ்டேட் பெண்கள் வேலைக்கு நேரமாகிறது என்று அவனைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

கடலுக்கென்றே செய்த படகுக் கருவியின் திரையில் மலை முழுவதும் ஒன்றுமே இல்லாத வெறும் மஞ்சளாகத் தெரிந்தது. ஆனாலும் அம்புக்குறி ஒரு பக்கம் காட்டியது. அது போன வழியே ஏலச்செடிகளுக்குள் புகுந்து, ஓடை தாண்டி, ஒரு தகரக் கொட்டகையின் பின்பக்கம் போய்க் குனிந்து தேடினார். அது எஸ்டேட் பெண்கள் குளிக்கிற இடம்.

உள்ளேயிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. மலையாளியான எஸ்டேட் சூப்பர்வைசர் தடியோடு ஓடிவந்தார்.

"எந்தா சேட்டா, இவ்விடெ என்னா சோலி?"

அழகுராஜா கருவியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். பின்னாலேயே ஓடிவந்த லிங்கேஸ்வரன்தான் காப்பாற்றினான்.

"நம்ம சார்தான் சேட்டா! போடியில மோட்டாரு மெக்கானிக்கு. உங்க பம்புசெட்டு ஓடலைன்னு சொன்னீகள்ல? பாக்கலாம்னு வந்தாக."

சூப்பர்வைசர் முகம் மலர்ந்துவிட்டது. சாயங்காலம் வரை உட்கார்ந்து, எரிந்துபோன ஒரு மோட்டாரைக் கழற்றிக் காயில் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அழகுராஜா மலையிறங்க முடிந்தது. கூலியாக ஒரு பை ஏலக்காய் கிடைத்தது. அவர் வியர்த்து வழிந்துகொண்டு வேலை செய்தபோது லிங்கேஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான்.

ஆவணிக்குப் பதினேழு நாள் இருந்தது. அழகுராஜா முப்பது வருடத்தில் முதல் முறையாக இன்னொருவரிடம் யோசனை கேட்டார். மதுரையில் இந்த மாதிரிக் கருவிகள் விற்கும் கடை ஒன்றுக்குப் போன் போட்டார். எடுத்தவன் பேர் செழியன்.

"சார், மகள் எழுதிக் குடுத்தது புள்ளி வச்ச டிகிரியில. நீங்க அடிச்சது டிகிரி, மினிட்டுக் கணக்குல. அதான் நாலு கிலோமீட்டர் தள்ளிப் போயிட்டீங்க," என்றான் அவன் பொறுமையாக.

"சரி, எனக்குப் புதுசா ஒன்னு வேணும். எது வாங்கலாம்?"

"நீங்க தேடுற இடம் எப்படி சார்? மரம் ஜாஸ்தியா?"

"ஏலக்காட்டுல மரம் இல்லாம? வெயிலு தரைக்கே வராது."

"அப்ப நெறைய சாட்டிலைட்டைப் பிடிக்கிற மாடலா வேணும். தொடுதிரையா, பட்டனா?"

அழகுராஜா காப்புக் காய்த்த தம் விரல்களைப் பார்த்தார். "பட்டன்."

"நல்லது சார், மழையிலயும் அமுக்கலாம். பேட்டரி கழட்டி மாத்துற மாதிரி எடுத்துக்குங்க. காட்டுல சார்ஜ் போட முடியாது. புதுசாத் தேடிப் பழகுறவங்களுக்கு இது போதும், பெருசா வேண்டாம்."

வாங்கியாயிற்று. கைக்கு அடக்கமாக, மழை பட்டாலும் ஒன்றும் ஆகாத கருவி. அதை எடுத்துக்கொண்டு இரண்டாவது தடவை மலையேறினார். கருவியில் உள்ள திசைகாட்டியை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஒரே பலாமரத்தை ஒன்பது தடவை சுற்றி வந்தார். காலில் பதினோரு அட்டைகள். லிங்கேஸ்வரன் உப்புப் போட்டு ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டான்.

"வேணாம்னு விட்டுருங்களேன் சார்," என்றான், கடைசி அட்டை விழுந்ததும்.

"விடுறதா? எம்மகளோட வாழ்க்கையப்பா இது!"

லிங்கேஸ்வரன் உப்புப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

அன்றிலிருந்து அழகுராஜா செழியனுக்குத் தினமும் போன் செய்தார். சில நாள் நான்கு தடவை. திட்டினார். பொருளைத் திருப்பி அனுப்பப் போவதாக மிரட்டினார். செழியன் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தவில்லை. ஆடி கடைசி நாளன்று காலையில் அவனே மதுரை ரயிலில் போடிக்கு வந்து இறங்கிவிட்டான்.

"நேர்ல வந்து காட்டிக் குடுத்துட்டுப் போறேன் சார்."

ஜீப்பில் போகும்போது அழகுராஜாவுக்குத் திடீரென்று பொறி தட்டியது. எந்தக் கடைக்காரன் ஒரு கருவிக்காக ரயிலேறி வருவான்? எந்தப் பையன் இத்தனை வசவுகளையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான்? தேவாரத்து மாப்பிள்ளை இதுவரை இவருடைய போனை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அழகுராஜா ஓரக்கண்ணால் செழியனைப் பார்த்தார். களையான முகம். பின் சீட்டில் அடக்கமாக உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, எம்மக இந்த மலையிலதேன் டீச்சரா இருக்கு, தெரியுமா?"

"அப்படியா சார்? நல்லது சார்," என்றான் செழியன்.

'ஒன்றும் தெரியாதவன் மாதிரி என்னமாய் நடிக்கிறான்!' என்று நினைத்துக்கொண்டார்.

செழியன் கருவியைக் காற்றில் எட்டுப் போடுவதுபோல் சுழற்றித் திசைகாட்டியைச் சரிசெய்தான். எண்களைத் திருத்தினான். இருவரும் ஏலச்செடிகளுக்கு நடுவே ஏறினார்கள். கருவி ஒரு பெரிய மரத்தடியில் போய், வந்து சேர்ந்தாயிற்று என்று கூவியது.

"எங்கப்பா டப்பா?"

"மூணு மீட்டர் முன்னப்பின்ன இருக்கும் சார். மரத்துக்கடியில அவ்வளவுதான் சொல்லும். மிச்சத்தை நாமதான் கண்ணால பாக்கணும்."

முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். சருகைக் கிளறினார்கள், கல்லைப் புரட்டினார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அழகுராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. நாளைக்கு ஆவணி.

வண்டிப் பக்கத்தில் நின்றிருந்த லிங்கேஸ்வரன் மேலே ஏறிவந்து அவருக்குப் பின்னால் நின்றான். அவர் முகத்தைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"சார், அந்த வேருக்கு அங்கிட்டு ஒரு பொந்து இருக்கு. கைய விட்டுப் பாருங்க."

"பாம்பு இருந்தா?"

"இருக்காது சார்."

கையை விட்டார். பிளாஸ்டிக் டப்பா தட்டுப்பட்டது! அழகுராஜா சின்னப் பிள்ளை மாதிரிக் கூவினார். மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் முத்துப்பிரியாவின் குண்டு குண்டான எழுத்து:

'அப்பா, நீங்க ஜெயிச்சுட்டீங்க. சொன்ன சொல் மாற மாட்டேன். ஆனா இந்த டப்பாவைத் தேடி வந்ததுல அவரோட நீங்க நல்லாப் பழகியிருப்பீங்க. பேரைச் சொன்னா கத்துவீங்க, பழகினா கத்த மாட்டீங்கன்னுதான் இப்படிச் செஞ்சேன். பேர் எழுதலை. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஆள் எப்படின்னு நீங்களே சொல்லுங்க.'

அழகுராஜா இரண்டு தடவை வாசித்தார். மூக்கை உறிஞ்சினார். ஒரு மாதமாகத் தாம் பேசிய பேச்சுகளும், அத்தனைக்கும் வந்த 'சரிங்க சார்'களும் நினைவுக்கு வந்தன. தேவாரத்து மாப்பிள்ளை அந்த நிமிடமே மனதிலிருந்து இறங்கிப் போய்விட்டான். எழுந்து போய்ச் செழியனை இறுகக் கட்டிக்கொண்டார்.

"மாப்ளே! என்னை மன்னிச்சுருங்க. நீங்க தங்கமான ஆளு. ஆவணியிலயே முகூர்த்தம் பாத்துருவோம்!"

செழியன் அந்தப் பிடியிலிருந்து மெதுவாக விடுபட்டான். முகம் வெளுத்திருந்தது.

"சார்... எனக்கு முகூர்த்தம் முடிஞ்சு ஆறு வருசமாச்சு. ரெண்டு பிள்ளைங்க. நீங்க தினம் போன் பண்றதால கடையில வேற வியாபாரமே நடக்கலைன்னு முதலாளிதான் அனுப்பிவிட்டாரு. 'கருவி நல்லா வேலை செய்யுது'ன்னு இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தீங்கன்னா..."

அழகுராஜா நோட்டைப் பார்த்தார். செழியனைப் பார்த்தார். சொட்டுச் சொட்டாக மழை விழ ஆரம்பித்தது.

லிங்கேஸ்வரன் தன் தலைத்துண்டை அவிழ்த்து அவர் தலையில் போர்த்திவிட்டான்.

"நனைஞ்சுராதீக. உங்களுக்குச் சளி புடிச்சா அவ என்னையத்தான் வைவா, மாமா."