சித்தப்பா எங்கள் வீட்டு மாப்பிள்ளையான செய்தி

செனாய்த் தோட்டம்,
1934, தை மாதம்

சிங்கப்பூர்த் துறைமுகத்தையே தோளில் தாங்கி நிற்கும் தாய்மாமா ஐயாசாமி அவர்களின் காலைத் தொட்டு, கால் எட்டாததால் காகிதத்தைத் தொட்டு, அக்காள் மகன் கனகராஜ் எழுதுவது. அம்மா, அப்பா, ஆடு, நான் அனைவரும் நலம். ஆட்டின் நலம் மட்டும் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்.

நிற்க. வேண்டாம், உட்கார்ந்தே படியுங்கள்.

தோட்டத்துத் துரை வரிசை வீடுகளாகப் புது லயம் கட்டி, ஜோடிக்கு ஒரு வீடு என்று கொடுத்துவிட்டார். இதுவரை எங்களோடு ஒரே அடுப்பில் உண்ட லெட்சுமணன் சித்தப்பாவும் புஷ்பவள்ளிச் சித்தியும் பக்கத்து வீட்டில் தனி அடுப்பு வைத்தார்கள். சித்திக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும்; தாய்வீடோ கடலுக்கு அந்தப் பக்கம். பால் நிறுக்கும் கொட்டகையில் காளியம்மா, "அலமாக்! புள்ள பெத்துக்க எங்கடி போவ, கப்பலுக்கா?" என்று கேட்க, சித்தி அழுத அழுகையில் வாளியிலிருந்த ரப்பர் பால் உப்புக் கரித்திருக்கும். "வளையல் போட்டு அழைச்சிட்டுப் போக எனக்கு யாரு இருக்காக்கா?" என்று வீட்டில் வந்தும் ஓயவில்லை. அம்மாவும் சேர்ந்துகொள்ள, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அடுப்பு வேறன்னா வீடும் வேறதானேம்மா? சித்திக்கு நீயே அம்மாவா இருந்துட்டுப் போயேன்" என்றேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அடுத்ததற்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. "ஏங்க, பய சொல்றது சரிதாங்க!"

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நாங்கள் சீர்த்தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போய், வளையல் அடுக்கி, சித்தியைத் தாய்வீட்டுக்கு, அதாவது கோழி ஒரே தாவலில் போகிற தூரத்துக்கு, அழைத்துவருகிறோம். அப்பா மாமனாராகிவிட்டதால் சித்தப்பாவைப் பிடிக்க முடியவில்லை. கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "மாமா, மாப்பிள்ளைக்கு இன்னும் காப்பி வரலியே" என்கிறார். "டேய், உனக்கு அரணாக்கயிறு கட்டிவிட்டவன்டா நானு!" என்று அப்பா குதிக்கிறார். நான் "வாங்க மச்சான்" என்றால் மட்டும் அண்ணன் தம்பி ஒற்றுமையாகத் துரத்துகிறார்கள்.

இந்த முறைப்படி சித்திக்கும் நீங்கள்தான் தாய்மாமன். முதல் வளையல் உங்கள் கையால்தான் என்று ஒரே பிடிவாதம். நீங்கள் வராவிட்டால் காளியம்மா மறுபடி வாயைத் திறப்பாள். வியாழக்கிழமையே ரயிலேறிவிடுங்கள்.

வாழ்த்த வயதில்லை, வம்புக்கு உண்டு என்று வணங்கும்,
மருமகன் கனகராஜ்

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் ரத்து. தாய்வீடு கிடைத்த சந்தோஷத்தில் சித்தி வெள்ளிக்கிழமைவரை பொறுக்காமல் இன்றே பெட்டியோடு வந்துவிட்டாள். சித்தப்பா தனியாகச் சோறு பொங்கி, பானையோடு கருக்கி, பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். மறுபடி ஒரே அடுப்பு. சித்தப்பா வெறும் சித்தப்பா. இனி சித்தியை எங்கிருந்து எங்கே அழைப்பது என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீடு காலி. ஆனால் துரை அதை ஜோடிக்குத்தான் தருவாராம். நீங்கள் தனியாகப் பொங்கித் தின்றது போதும். வளையலோடு எங்களுக்கு ஒரு மாமியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஜோடியாய் அந்த வீட்டில் குடியேறுங்கள்; சித்தியின் தாய்வீடு உங்கள் வீடாகவே இருக்கட்டும். பிரசவம் தைப்பொங்கலைப்போல நாள் பார்த்து வராது, சீக்கிரம்!