பைன் மரத்து உச்சியில் ஒரு பலகை

ஒரு காட்டில் ஒரு சட்டசபை இருந்தது. நம்மூரில் இப்படியெல்லாம் நடக்காது என்பதால், அந்தக் காடு அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தில் இருந்ததாக வைத்துக்கொள்வோம்.

சபைத் தலைவர் ஹார்லன் என்கிற மலையாட்டுக் கடா. "இது இயேசுவின் காடு. ஆகவே நம்முடைய காடு" என்று பேசியே தேர்தலில் ஜெயித்தவர். பதவிக்கு வந்த கையோடு இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, பள்ளிக்கூட வாசலில் இயேசுவின் வாக்கியம் எழுதிய பலகை மாட்ட வேண்டும். இன்னொன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் காட்டைக் காலி செய்ய வேண்டும்.

பலகை செதுக்கும் மரங்கொத்தி, "எந்த வாக்கியம் போடட்டும் ஐயா?" என்று கேட்டது.

"அவர் சொன்னது எதுவானாலும் போடுய்யா. எல்லாம் நம்ம கட்சிக் கருத்துதானே!"

மரங்கொத்தி பிரசங்கத்தில் தூங்காத பறவை. 'இடமில்லாமல் வந்தவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று செதுக்கிவிட்டது.

பள்ளிக்கூடத்து மரப்பொந்தில் லூசியா என்கிற முள்ளம்பன்றி குடியிருந்தாள். அந்த நாட்டு முள்ளம்பன்றிகள் மரமேறும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வறட்சிக்குத் தப்பி வந்தவள். குட்டி இன்னும் பால்குடி மறக்கவில்லை. காலி செய்யச் சொல்லி வந்த காவலர் காட்டெருமையிடம் அவள் பலகையைக் காட்டினாள். அவர் வாசித்தார். தொப்பியைக் கழற்றினார். திரும்பிப் போய்விட்டார்.

சபை அவசரமாகக் கூடியது. "பலகையை எடுத்துடலாமா?" என்றது ஒரு செம்மறி.

"எடுத்தா ஓட்டுப் போயிடும்யா. திருத்தம் போடுவோம். வாக்கியம் உயர்ந்தது, உயரத்துலதான் இருக்கணும். பெரிய பைன் மரத்து உச்சியில மாட்டுங்க" என்றார் ஹார்லன். சபையே ஆமென் சொன்னது.

யார் ஏறுவது? சபையில் இருந்ததெல்லாம் குளம்புக்காரர்கள். மரங்கொத்தியால் பலகையைத் தூக்க முடியாது. ஹார்லன் லூசியாவின் பொந்துக்கே போய், குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, மரம் ஏறுவியா?" என்றார்.

"நல்லா ஏறுவேங்க. ஆனா என்னை அனுப்பிட்டீங்கன்னா, காத்துல பலகை விழுந்தா மறுபடி மாட்ட யார் வருவா?"

அன்றைக்கே இரண்டாம் சட்டத்தில் 'பலகை மாட்டுபவரும் அவர் குட்டியும் நீங்கலாக' என்று ஒரு வரி சேர்ந்தது.

லூசியா ஏறி மாட்டினாள். கீழேயிருந்து பார்த்தால் பலகை தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. எல்லாரும் பக்தியோடு அண்ணாந்து கும்பிட்டார்கள். காட்டெருமை தொப்பியைப் போட்டுக்கொண்டு அடுத்த பொந்தைக் காலி செய்யக் கிளம்பினார்.

நீதி: குடியிருக்க இடம் வேண்டுமானால் நல்ல வாக்கியத்தைக் காட்டிக் கேட்காதீர்கள், யாரும் வாசிக்க முடியாத உயரத்தில் அதை மாட்டிக் கொடுங்கள்.