பணிசுக் கயிற்றில் முடிந்த மரதன்

நடக்காத ஒன்றை நாட்குறிப்பில் முன்கூட்டியே எழுதியது என் வாழ்வில் ஒரே ஒரு முறைதான். புத்தாண்டு விளையாட்டு விழாவுக்கு முதல்நாள் மாலை, நீல மையில், "குருக்கள்மடம் வரை சென்று திரும்பும் மரதனை ஓடி முடித்தேன்" என்று எழுதிவைத்தேன். (மறுநாள் களைப்பில் கையெழுத்துக் கோணிவிடுமே என்ற முன்யோசனை!)

எனக்குச் சிறுவயது முதலே முதலாம் வகை நீரிழிவு. கடுமையாக ஓடினால் இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கும். கவனிக்காவிட்டால் ஆளே விழுந்துவிடலாம். ஆகவே காலை ஆறுக்கு இன்சுலினைப் பாதியாகக் குறைத்து, இடியப்பம் சாப்பிட்டு, பையில் அவசரத்துக்கு மூன்று இனிப்பு டொபிகளோடு சரியாக ஏழு மணிக்குத் தேற்றாத்தீவு மைதானத்தில் நின்றேன். கணக்கில் ஒரே பிழை: பிரதம அதிதி. அவர் கொடி அசைத்தால்தான் ஓட்டம்; வந்தது எட்டு நாற்பதுக்கு. காத்திருந்தபோதே சீனி இறங்குவதை மானியில் கண்டு மூன்று டொபியையும் தின்று முடித்திருந்தேன்.

"பேசாம நில்லுங்க. அடுத்த வருசம் ஓடலாம்" என்றாள் மனைவி.

நீல மையை வெட்டி எழுதுவதா? ஓடினேன்.

திரும்பி மைதான வாசலுக்கு வரும்போது சீனி மறுபடி இறங்கி, கண் இருண்டது. நல்லவேளை, அங்கே தண்ணீர்ப் பந்தல் இருந்தது. இரண்டு கோப்பை தேசிக்காய்த் தண்ணீர் குடித்தேன். புளித்ததே தவிர, இனிக்கவேயில்லை.

"மாஸ்டருக்கெண்டு சீனி போடாம வேறயாக் கரைச்சிருக்கன் கா!" என்றார் விளையாட்டுக் கழகச் செயலாளர் பெருமையாக.

(கூட்டத்துக்குக் கூட்டம் சீனித் தேநீர் நீட்டாதீர்கள் என்று கழகத்துக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதிய வாத்தியார் நானேதான்.)

"சீனி... தாங்க."

"சும்மா இருங்க மாஸ்டர்! இந்த நீரிழிவு வருத்தத்தோட சீனி கேக்கிறீங்களே!"

விளக்கம் சொல்ல நாக்குப் புரளவில்லை. கால்கள் மட்டும் மைதானத்துக்குள் போயின. அங்கே நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான பணிசு (அதுதான், இனிப்புப் பன்) உண்ணும் போட்டி. கயிற்றில் பணிசுகள் தொங்க, கைகளைப் பின்னால் கட்டியபடி எட்டுப் பேர் விசிலுக்காக நின்றார்கள். சீனி தூவிய பணிசின் வாசம்வரைதான் எனக்கு நினைவு. மிச்சம் மனைவி சொன்னது. இரண்டு கைகளாலும் பிடுங்கித் தின்றேனாம். மூன்று!

"மாஸ்டர், இன்னும் விசில் ஊதல்ல கா! அது என்ட பணிசு!" என்று கத்தினாராம், மூன்று வருடமாக முதற்பரிசை விடாத பாக்கியம் அக்கா.

"சீனி வருத்தக்காரன்! பறிங்க பணிசை!" என்று செயலாளர் ஓடிவர, மனைவி குறுக்கே பாய்ந்தாளாம்.

"தொட்டீங்கெண்டா தெரியும்! சீனி கூடல்ல, குறைஞ்சு போச்சு. தின்னட்டும், விடுங்க!"

யாரோ கொடுத்த இனிப்புச் சோடாவையும் அவளே என் வாயில் ஊற்றினாளாம். தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி: "நேரம் என்ன?" அவள் அடிக்காமல் விட்டது பொதுஇடம் என்பதால் மட்டுமே.

முடிவுக் கோட்டைத் தாண்டாததால் மரதனில் என் பெயர் இல்லை. கையைப் பாவித்ததால் பணிசுப் போட்டியிலும் என்னைக் கழித்துவிட்டதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

சென்ற மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், நான் நல்ல விளையாட்டு வீரனாமே என்று மரியாதைக்குக் கேட்டார்கள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் மகள் முந்திக்கொண்டாள்:

"ஓம், எங்கட அப்பா ஒரே நாளில ரெண்டு போட்டியில தோத்தவர். அதில ஒண்டு பொம்புளையள்ட போட்டி."