நூற்றெட்டு ஸ்ரீராமஜெயமும் ஒன்பது பொருத்தமும்

எனக்குப் பிழையில்லாமல் எழுத வருவது இரண்டே இரண்டு. ஒன்று என் கையெழுத்து. இன்னொன்று ஸ்ரீராமஜெயம். (இதைக்கூட நான் சொல்லச் சொல்ல, என் ஆபீஸில் வேலை பார்க்கும் லதாதான் எழுதுகிறாள். தப்பு இருந்தால் அவளுடையது.) இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் இத்தனை வருடமாகத் திருமணத் தகவல் நிலையம் நடத்துகிறேன் என்றால், நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்வதில் என்ன தப்பு? அந்தப் பெருமையில்தான் ஒரு நாள் என் சொந்த மகளின் புருஷனுக்கே பெண் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஆபீஸின் உள்ளறையில் ஒரு சர்வர் இருக்கிறது. வெளியே ஐந்து பெண்கள் ஐந்து திரைகளின் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தாலும், மூளை என்னவோ அந்த ஒரு பெட்டிதான். வயதான பெட்டி. மாவு மெஷின் மாதிரி இரையும். வெயில் நாளில் மயக்கம் போட்டுவிடும். நான் போய்த் தட்டிக் கொடுத்தால் எழுந்துகொள்ளும். (அது என் கைராசி என்று நான் சொல்வேன். லதா சுவிட்சை அணைத்துப் போட்டதால்தான் என்பாள்.)

ஒரு நாள் லதா ஏதோ ஒரு பைலைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

“இதுல என்னடி இருக்கு?”

“செட்டிங்ஸ்மா. யாருக்கு யாரைக் காட்டணும், யாரைக் காட்டக் கூடாதுங்கிற விதியெல்லாம் இதுலதான் இருக்கு. மெஷின் காலையில எழுந்ததும் முதல்ல இதைத்தான் படிக்கும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் எழுந்ததும் முதலில் படிப்பது இதையா? மேலே ஏதோ இங்கிலீஷ் கிறுக்கல். அதற்குக் கீழே, ‘நாத்தனார் இல்லாத வீடாக இருந்தால் நல்லது’ என்று எவரோ ஒருவர் கொடுத்த நிபந்தனை. இப்படிப் படித்தால் எந்த மெஷினுக்குத்தான் மயக்கம் வராது?

“தள்ளு” என்று நானே உட்கார்ந்துவிட்டேன். பைலின் தலைமாட்டில் நூற்றெட்டு ஸ்ரீராமஜெயம் எழுதுவதென்று முடிவு.

“ஒண்ணு அடிங்கம்மா, போதும். மீதி நூத்தியேழையும் நான் காப்பி பண்ணிடறேன்.”

“காப்பி அடிக்கிறது ஒரு பக்தியாடி?”

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்து முடித்தபோது மத்தியானச் சாப்பாடு போய் சாயங்காலக் காபி வந்திருந்தது. மெஷின் அதைக் கட்டளை என்று நினைத்துக் குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் லதா ஏதோ ஒரு குறி போட்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் ஐந்து திரைகளும் பளிச்சென்று வந்தன. எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்துக் காட்டினேன். “பாத்தீங்களா, நாமத்தோட மகிமையை!”

பத்து மணிக்கு மணப்பாறையிலிருந்து ஒரு தாய்மாமன், அக்கா மகளின் ஜாதகத்தோடு வந்தார். லதா பொருத்தம் பார்த்து, பெயரைக்கூட வாசிக்காமல் லிஸ்ட் எடுத்தாள். முதல் பெயருக்கே பத்துக்கு ஒன்பது பொருத்தம். நான் வாங்கி, வாசிப்பது போலப் பார்த்து, “அருமையான இடம், இன்னிக்கே பேசிடுங்க” என்று என் கையாலேயே கொடுத்தேன்.

அவர் சொன்ன பேச்சு தட்டாத மனிதர். ஆபீஸ் படியை இறங்கியதும் பேசிவிட்டார். பொன்மலையில் போனை எடுத்தது என் மகள் வசந்தி.

ஒரு மணி நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. வசந்தி ஒரு கையில் பெட்டியோடு இறங்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளை ரவிச்சந்திரன். வார லீவு நாளில் லுங்கியோடு கிடக்கிற மனுஷர், அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

“ஏம்மா, பெத்த பொண்ணு உசிரோட இருக்கேன். என் புருஷனுக்குப் பொண்ணு தேடுறியா?”

“நானா? என்னடி உளர்றே?”

“யாரோ மணப்பாறை மாமாவாம். மாப்பிள்ளை எப்ப பொண்ணு பாக்க வர்றாருன்னு என்கிட்டயே கேக்குறாரு! இவரு மறுபடியும் இங்க வந்து பேரைப் பதிஞ்சிருக்காரு. எனக்குத் தெரிஞ்சாகணும். அதுவரைக்கும் நான் பொன்மலைக்குப் போக மாட்டேன்.”

“சத்தியமா நான் பதியலை அத்தை” என்றார் மாப்பிள்ளை. அப்புறம் மெதுவாக, “எத்தனை பொருத்தம் வந்துச்சாம்?” என்றார்.

லதா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “ஒன்பது சார்” என்றாள்.

“ஒன்பதா! எனக்கு ஏழுதானே வந்துச்சு?” என்று வசந்தி அங்கேயே பெட்டிமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பத்து வருடத்துக்கு முன்னால் இதே ஆபீஸில் நானே பார்த்து நானே முடித்த சம்பந்தம். 

பாலக்கரையிலிருந்து காதர் பாயை வரவழைத்தேன். சர்வருக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்தான். முதலில் மாப்பிள்ளையின் பதிவைத் திறந்தார். பத்து வருடத்துக்கு முந்தையது, கல்யாணம் முடிந்தது என்ற குறிப்போடு அப்படியே இருந்தது. “பாவம்மா, இவர் மேல தப்பில்லை. கல்யாணம் ஆனவங்களைக் காட்டாதேன்னு ஒரு விதி உண்டு. அதை மெஷின் மதிக்கலை” என்றார்.

“பாய், உள்ள இடம் பத்தலையோ?” என்றேன்.

“இடம் ஏராளமா கெடக்கும்மா” என்று செட்டிங்ஸ் பைலைத் திறந்தார். ஸ்ரீராமஜெயம். கீழே தள்ளினார். ஸ்ரீராமஜெயம். தள்ளத் தள்ள அதுவேதான்.

“யாரு இதை எழுதினது?”

லதா மின்விசிறியைப் பார்த்தாள். நான் லதாவைப் பார்த்தேன்.

“இது பழைய மெஷின்மா. இந்தப் பைலை ஒரு அளவு வரைக்கும்தான் படிக்கும். அதுக்கு மேல போனா, சொல்லாம கொள்ளாம நிறுத்திக்கும். அதுலயும் நம்ம தமிழ் எழுத்து, இங்கிலீஷைப் போல மூணு மடங்கு இடம் புடிக்கும். ராமர் பேரைப் படிச்சே களைச்சுப் போயி, கடைசி விதிக்கு வரவேயில்லை.”

“அந்த அளவைக் கூட்ட முடியாதா?”

“இதைச் செஞ்சவங்களே இதை மறந்துட்டாங்கம்மா. குறைக்கத்தான் முடியும். அழிச்சிடுங்க.”

“நீங்களே அழிச்சிடுங்க பாய்.”

“உங்க சாமி பேரை நானா? வேணாம்மா, பாவம் வந்துடும்.”

“எனக்கு ஆவணியில கல்யாணம்” என்று லதா எழுந்தே போய்விட்டாள்.

வசந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எழுதினவ நீதானே? நீயே அழி” என்றாள்.

விரல் அழிக்கிற பட்டன்மேல் போகவே மாட்டேன் என்றது. ஒரு பக்கம் ராமர், ஒரு பக்கம் மகள். கடைசியில் காதர் பாய்தான் இரக்கப்பட்டார். “அழிக்க வேணாம்மா. வேற பைலுக்குக் குடி வைப்போம்.” நூற்றெட்டையும் பூப்போல எடுத்து வேறு இடத்தில் வைத்தார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சர்வரை அணைத்துப் போட்டார். அதே மணப்பாறைப் பெண்ணுக்கு மறுபடி லிஸ்ட் எடுத்தார்கள். மாப்பிள்ளை பெயர் இல்லை. (அவர் முகத்தில் ஒரு சின்ன வாட்டம் வந்ததை நான் மட்டும் பார்த்தேன்.)

“அப்ப அந்த ஒன்பதும் மெஷின் தப்புதானே பாய்?” என்றாள் வசந்தி.

“அது வேற கணக்கும்மா. அது சரியாத்தான்...”

எனக்கு அப்படி ஒரு இருமல் வந்தது. ஆனால் பாய் பொய் பேசாதவர். தலையைக் குனிந்துகொண்டார்.

வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து பெட்டியை மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். “ஏழை வச்சே பத்து வருஷம் ஓட்டியிருக்கேன். ஒன்பது வந்தவளை ஒரு மாசம் இவரோட இருந்து பாக்கச் சொல்லு. நடங்க வீட்டுக்கு.”

அந்த மணப்பாறைப் பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமைந்தது. சர்வர் இன்னும் இரைந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் போக எனக்குத்தான் அனுமதி இல்லை. பொன்மலை வீட்டில் இன்றைக்கும் மாப்பிள்ளை தட்டில் இட்லி ஏழோடு நின்றுவிடும். இன்னும் இரண்டு கேட்டால், வசந்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள்:

“ஒன்பது வேணும்னா மணப்பாறைக்குப் போங்க.”