கேஸ் சிலிண்டர் பத்திரம்

உடம்புக்கு வருவதையெல்லாம் கணவரின் லீவுக்காகச் சேர்த்து வைக்கும் பெண்கள் எங்கள் லப்பைக்குடிக்காட்டில் உண்டு. நானும் ஒருத்தி. பல்வலியும் முதுகுவலியும் "மச்சான் துபாய்லேர்ந்து வரட்டும், கூட்டிட்டுப் போவாங்க" என்று வரிசையில் நிற்கும். இடது காதில் சீழ் வந்தபோது அதையும் அந்த வரிசையில்தான் நிறுத்தினேன்.

ஆறு மாதம் ஒழுகியது. பூண்டு காய்ச்சிய எண்ணெயை விட்டுப் பஞ்சு அடைத்துக்கொண்டேன். (பக்கத்தில் வந்தவர்கள் "என்ன, ரசம் தாளிச்சியா?" என்றார்கள்.) மச்சானும் வந்தார். லீவு முப்பதே நாள். அதில் ஒன்றை ஆஸ்பத்திரி பெஞ்சில் கழிக்க மனசு வரவில்லை. முக்காட்டில் காதை மறைத்து, அவரை எப்போதும் வலதுபக்கமே உட்கார வைத்தேன்.

"ஏன் இந்தப் பக்கமே உக்காரச் சொல்றே?"

"இங்கதான் ஃபேன் காத்து வரும்."

கிளம்பும் நாள். ஏர்போர்ட் வேனைச் சுற்றிப் பாதித் தெரு நின்றது. நாலு பேர் முன்னால் என் பக்கம் திரும்பக்கூட வெட்கப்படும் மனிதர், பெட்டியை ஏற்றிவிட்டு வந்தார், குனிந்தார், என் காதில் ஏதோ சொன்னார். இடது காதில்.

பேசாமல் தலையாட்டியிருக்கலாம். ஆசை விடவில்லை.

"என்னங்க? கேக்கலை! சத்தமா சொல்லுங்க!" என்றேன், தெருக்கோடி வரை கேட்கும்படி.

எல்லோரும் திரும்பினார்கள். மச்சான் முகம் சிவந்துபோனது. "கேஸ்... கேஸ் சிலிண்டர் பத்திரம்னு சொன்னேன்" என்றார். வேன் போய்விட்டது.

அன்றே மாமியார் என் முக்காட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் பெரம்பலூருக்கு இழுத்துப் போனார்.

"செவிப்பறையில ஓட்டைம்மா. இன்னும் விட்டிருந்தா எலும்பை அரிச்சு மூளை வரைக்கும் போயிருக்கும். இனிமே எண்ணெய் கிண்ணெய் விட்டீங்க..." என்று டாக்டர் முறைத்தார்.

சொட்டு மருந்து, மாத்திரை, பிறகு ஓட்டையை அடைக்க ஆபரேஷன். சீழ் நின்றது. அந்தக் காது மட்டும் பழையபடி கேட்கவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் பஸ் ஏறினாலும் "கேஸ் சிலிண்டர் பத்திரம்!" என்றுதான் வழியனுப்புவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அன்று அவர் சொன்னது என்னவென்று ஏங்காத நாளில்லை. போனில் கேட்டால், "போன்ல சொல்ற விஷயமா அது? வேலையை விட்டுட்டு மொத்தமா ஊருக்கு வந்து சொல்றேன்" என்கிறார்.

அதனால் இப்போதெல்லாம் லேசாகச் சளி பிடித்தாலே, யாருடைய லீவுக்கும் காத்திராமல் நானே பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் வலது காதைக் காட்டிவிட்டு வருகிறேன். அவர் வரும்வரை அது நன்றாக இருக்க வேண்டும்.