பதினொரு மீட்டர் நகர்ந்த தோட்டம்

மலையை நகர்த்தியதாகச் சொல்லிக்கொள்பவர்கள் உலகில் பலர். அவர்களில் யாரும் அதற்குச் சான்றிதழ் காட்டியதில்லை. புக்கிட் எம்புன் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி ஹரிதாஸிடம் சான்றிதழ் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆபீஸ் சுவரில், தீயணைப்பு விதிகளை மறைத்தபடி தொங்குகிறது. ஆலை, கோயில், தொழிலாளர்கள் குடியிருக்கும் நாற்பத்திரண்டு லயத்து வீடுகள் என்று ஒரு தோட்டம் முழுவதையும், ஒரு கொழுந்துகூட வாடாமல், காலையில் பசியாறிவிட்டு வந்து பத்து மணித் தேநீருக்குள் பதினொரு மீட்டர் நகர்த்தி முடித்தவர் அவர்.

கோலாலம்பூர் தலைமை அலுவலகம் சென்ற ஆண்டு ‘முழுமைத் தோட்டம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் கணினியில் ஒரு மாதிரி செய்து, இணைய வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தின்மேல் அதனதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். அதன்பிறகு கூரை ஒழுகினாலும் குழாய் வெடித்தாலும், அதிகாரிகள் மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டு ஏறிவர வேண்டியதில்லை. மாதிரியைப் பார்த்தே முடிவு செய்யலாம். மாதிரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹரிதாஸுக்கு வந்தது. அதிகம் பேசாதவர். கதவுக்குக் கதவு, ஜன்னலுக்கு ஜன்னல் என்று ஐந்து மாதம் உட்கார்ந்து செய்தார். தாம் பிறந்து வளர்ந்த லயத்தைத் திரையில் பார்த்தபோது அவருக்கே அது பிடித்துப்போயிற்று. அங்கே சாக்கடை நாறவில்லை.

அந்த மாதிரியில் மூன்றாம் லயத்துப் பதினான்காம் வீட்டின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. அது கொழுந்து வெட்டும் ரஞ்சிதத்தின் விண்ணப்பம். வீட்டின் பின்னால் உள்ள சரிவில், மழைக்குப் பிறகு, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. தடுப்புச் சுவர் வேண்டும் என்று கேட்டிருந்தாள். தலைமை அலுவலகமும் தாராள மனத்தோடு ஒப்புக்கொண்டது. சுவர் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை மாதிரி சொல்லும்.

இந்த நேரம் பார்த்து இணைய வரைபடம் தன் படத்தைப் புதுப்பித்தது.

திங்கட்கிழமை காலை ஹரிதாஸ் திரையைத் திறந்தபோது தோட்டத்தைக் காணவில்லை. மேகம் இருந்தது. கேமரன் மலைக்கு மேலே செயற்கைக்கோள் கடந்த நேரத்தில் மேகமும் கடந்திருக்கிறது. ஆலை இருந்த இடத்தில் வெள்ளை. கோயில் இருந்த இடத்தில் வெள்ளை. மூன்றாம் லயத்தின் பக்கம் மட்டும் மேகத்தில் ஒரு கிழிசல். அதற்குள் கொஞ்சம் பச்சை, நடுவில் பளிச்சென்று ஒரு நீலச் சதுரம்.

தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை அதற்குள் வந்துவிட்டது: ‘புதிய படத்துக்கு ஏற்ப எல்லா மாதிரிகளும் உடனடியாக மறுசீரமைக்கப்பட வேண்டும். விலகல் பூஜ்யமாக இருத்தல் அவசியம்.’ மேகத்தைப் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

இங்கேதான் ஹரிதாஸின் மேதைமை வெளிப்பட்டது. மறுசீரமைக்கப் பழைய படத்திலும் புதிய படத்திலும் தெரியும் ஒரே பொருள் வேண்டும். அதற்கு ‘மூல அடையாளம்’ என்று பெயர். லயத்துக் கூரைகள் எல்லாம் ஒரே துருப்பிடித்த தகரம். ஒன்றே ஒன்றுதான் வேறு. ஒழுகலுக்காக ரஞ்சிதம் தன் வீட்டுக் கூரைமேல் போட்டிருந்த நீலக் கேன்வஸ் விரிப்பு பழைய படத்தில் தெளிவாகத் தெரிந்தது. இதோ, புதிய படத்திலும் நீலம். அவர் நீலத்தைப் பிடித்து நீலத்தின்மேல் வைத்தார். பதினான்காம் வீடு மேட்டுப் பக்கமாகப் பதினொரு மீட்டர் ஏறியது. அதன் பின்னாலேயே நாற்பத்தொரு வீடுகளும் ஆலையும் அம்மனும் ஒழுங்காக ஏறினார்கள்.

அன்று மாலை காணொலிக் கூட்டத்தில் ‘இட ஒத்திசைவுப் பிரிவு’த் தலைவி சாந்தினி கேட்டார்.

“விலகல் எவ்வளவு, ஹரிதாஸ்?”

“பூஜ்யம், மேடம்.”

“மத்த தோட்டத்துல எல்லாம் மேகம்னு சாக்குச் சொல்றாங்க. நீங்க எப்படிச் செஞ்சீங்க?”

“கவனமா செஞ்சேன், மேடம்.”

திரையில் கைதட்டும் படங்கள் குமிழ் குமிழாக மிதந்தன. சான்றிதழ் மறுநாளே வந்தது.

ஒன்பதாம் நாள் ரஞ்சிதம் வந்தாள். பூட்ஸ் காலோடு ஆபீஸ் வாசலிலேயே நின்றாள்.

“கிராணித் தம்பி, சொவரு கட்டுற ஆளுங்க எங்கயோ மேல போயி தேயிலைக்குள்ள குச்சி நட்டிருக்கானுங்க. என் வீடு கீழல்ல இருக்கு? கேட்டா போனைத் தூக்கிக் காட்டுறான், இங்கதான்னு சொல்லுதாம் லா.”

“மாதிரிப்படிதான்க்கா கட்டுவாங்க. உள்ள வந்து பாருங்க.”

அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து திரையைக் குனிந்து பார்த்தாள். “இது யாரு வீடு?”

“உங்க வீடுதான்.”

“அடியில என்னா நீலமா?”

“உங்க கூரை கேன்வஸ்.”

ரஞ்சிதம் அவர் முகத்தைப் பார்த்தாள். திரும்பத் திரையைப் பார்த்தாள். “கூரையில ஏது கேன்வஸ்? அதக் கழட்டி ரெண்டு மாசமாச்சே! வெடிப்பு விட்ட எடத்துல மழத்தண்ணி எறங்கக் கூடாதுன்னு மண்ணு மேல விரிச்சிக் கல்லு வச்சிருக்கேன். கூர ஒழுகுனா நனைவேன், அவ்வளவுதான். சரிவு ஒழுகுனா பொதைஞ்சிடுவேன் தம்பி.”

ஹரிதாஸ் நீலச் சதுரத்தைத் திரையில் பெரிதாக்கினார்.

“பாக்கறேன்க்கா” என்றார்.

பார்த்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நேராக மானேஜர் அமிர்தலிங்கத்தின் அறைக்குப் போனார். மானேஜரைத் தோட்டத்தார் இன்னும் ‘தொரை’ என்பார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

“சார், பதினாலாம் வீடு தப்பான எடத்துல இருக்கு.”

“வீடு தப்பா, மாதிரி தப்பா?”

“மாதிரி, சார்.”

“யோசிச்சுச் சொல்லுப்பா. மாதிரிக்குச் சான்றிதழ் இருக்கு. வெள்ளக்காரன் கட்டுன லயத்துக்கு ஏதாவது இருக்கா?”

“இல்ல, சார்.”

“அப்ப எத நம்புறது?” துரை நாற்காலியில் சாய்ந்தார். “திருத்தலாம் லா, நான் வேணாங்கல. திருத்தற பாரத்துல ‘பிழைக்குக் காரணமானவர்’னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒரு பேர் போடணும். என் பேர் போட முடியாது, எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாது.”

ஹரிதாஸ் சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் சாந்தினி மேடம் கூர்மையான ஒன்றைக் கண்டுபிடித்தார். “பதினாலாம் வீட்டு ஹாலுக்குள்ள ஏதோ நீலமா கிடக்குதே, ஹரிதாஸ்?”

“அது கேன்வஸ், மேடம்.”

“வீட்டுக்குள்ள எதுக்குக் கேன்வஸ்? பாதுகாப்பு விதிக்கு ஒத்து வராதே. எடுக்கச் சொல்லுங்க.”

ஹரிதாஸ் தம் ஒலிவாங்கியைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். எதிர்ச் சுவரில் சான்றிதழின் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. ஒலிவாங்கியை மூடினார். அந்த நீண்ட மௌனத்தைக் கூட்டக் குறிப்பில் ‘இணைய இணைப்புக் கோளாறு’ என்று எழுதிக்கொண்டார்கள்.

ரஞ்சிதம் வெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் ஆட்கள் வந்து கேன்வஸை எடுத்தார்கள். ஒழுங்காக மடித்து, அவள் வாசலில், ரசீதோடு வைத்துவிட்டுப் போனார்கள். அவள் சாயங்காலம் மறுபடி விரித்தாள். மறுநாள் மறுபடி எடுத்தார்கள்; இந்த முறை ஸ்டோரில் வைத்துப் பூட்டினார்கள். சுவரும் எழும்பியது. உறுதியான சுவர். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, யாருடைய வீட்டுக்கும் பின்னால் இல்லாமல், கம்பீரமாக நின்றது. துரை ரிப்பன் வெட்டினார். திரையில் சிவப்புப் புள்ளி பச்சையாயிற்று.

பிறகு மூன்று நாள் மழை.

நான்காம் நாள் காலை, பெரட்டில் ஆள் கணக்கெடுப்பு முடிந்து எல்லாரும் வேலைக்காட்டுக்குப் போன பிறகு, சரிவு இறங்கியது. சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. மண் அதற்குக் கீழேயிருந்துதான் கிளம்பியது. பதினான்காம் வீட்டின் பின்சுவரைத் தள்ளி, அடுப்பங்கரையைக் கடந்து, படுக்கிற அறையில் ஜன்னல் உயரத்துக்கு வந்து நின்றது. அன்று ரஞ்சிதத்துக்குக் காய்ச்சல் அடித்தது. லீவு கேட்டிருந்தாள். ஆள் பற்றாக்குறை என்று துரை கொடுக்கவில்லை. அந்த மறுப்பு ஓர் உயிரைக் காத்தது என்று கம்பெனி மாத இதழில் எழுதினார்கள்.

சேறு காய்ந்த பாவாடையோடு அவள் ஆபீஸுக்கு வந்தாள். இந்த முறை பூட்ஸைக் கழற்றவில்லை.

“இருக்க ஒரு வீடு வேணும், தம்பி.”

ஹரிதாஸ் தட்டிப் பார்த்தார். மாற்று வீடு வேண்டுமென்றால் பழைய வீடு பழுதாகியிருக்க வேண்டும். பதினான்காம் வீடு பச்சையாக ஒளிர்ந்தது. நிலை: பாதுகாப்பானது.

“கம்ப்யூட்டர்ல என் வீடு இருக்கா?”

“இருக்குக்கா.”

“நல்லா இருக்கா?”

“…இருக்கு.”

“அடுப்பங்கர?”

“இருக்கு.”

“அப்ப அதோட சாவியக் குடு. நான் அங்க போயி இருந்துக்கறேன்.”

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

ஹரிதாஸ் பேரிடர்ப் பாரத்தைத் திறந்தார்; அது ஒன்றுதான் மாதிரியின் நிலையைக் கேட்காத பாரம். அதை நிரப்பினால் அவளுக்கு வீடு கிடைக்கும். அவள் பெயர், வீட்டு எண், தேதி எல்லாம் தாமாகவே நிரம்பின. மிச்சம் ஒரு கேள்விதான்: சரிவுக்குக் காரணம். விடைகள் இரண்டு: ‘மழை’, ‘மற்றவை’. ‘மற்றவை’யைத் தொட்டதும் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் திறந்து, பெயர் கேட்டது. அதில் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது.

“என்னா தம்பி, அதுல என்னா கேக்குது?” என்றாள் ரஞ்சிதம்.

“ஒண்ணுமில்லக்கா.”

ஒரு தோட்டம் முழுவதையும், அம்மன் உட்பட, பதினொரு மீட்டர் நகர்த்திய அந்த விரல், இப்போது அரை அங்குலம் நகர்ந்து ‘மழை’யைத் தொட்டது.