கூடையை வந்து எடுத்துக்கொண்டு போ

அன்புள்ள மைத்துனருக்கு,

நானும் உன் அக்காவும் நலம். நீயும் நலமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் மனசாரக் கேட்க முடியவில்லை.

"இந்தக் கூடை இங்க இருக்கட்டும் அத்தான், பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று தையல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாயே, இன்றோடு ஒன்பது நாள். பழம் என்று நினைத்து உன் அக்கா திறந்தாள். பழம் கொட்டாவி விட்டது. அதன் அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது. பெரியவனும் சின்னவனும் போன பிறகு இந்த வீட்டில் நாய் என்ற பேச்சே கிடையாது என்று நாங்கள் முடிவு செய்தது உனக்குத் தெரியாதா? பெரியவனுக்கு வயசாகிவிட்டது, சரி. சின்னவனுக்கு என்ன கேடு? பெரியவன் போனதிலிருந்து மூன்று வாரம் சோற்றை முகர்ந்து மட்டும் பார்த்தான், வாசலைப் பார்த்தான், அவனும் போய்விட்டான். பெரியவன் பதினாலு வருஷம் என் தையல் மிஷின் மிதியின் ஓரத்தில் தலையை வைத்துப் படுத்தவன். நான் ஒற்றைக் காலால் மிதிக்க, ஆடிக்கொண்டே தூங்குவான். இன்னமும் என் வலது கால் அந்தப் பக்கம் போக மறுக்கிறது.

இப்போது உன் ஆட்கள் இருவரும் அதே இடத்தைப் பிடித்துவிட்டார்கள். மிதியை ஆட்டினால் அழுகிறார்கள். தலைமையாசிரியர் கால்சட்டை வாங்க வந்தார்.

"இன்னும் தைக்கலையா?"

"நாய் எந்திரிக்கணும் சார்."

"ரெண்டு நாளாவா தூங்குது?"

"நடுவுல எந்திரிச்சுது. அப்ப நான் தூங்கிட்டேன்."

நேற்று, பீரோவுக்குப் பின்னால் உன் அக்கா ஒளித்து வைத்திருந்த பெரியவனின் மெத்தையை இழுத்து வந்து கிழித்து, உள்ளே அடைத்திருந்த வெட்டுத்துணியை அறை முழுக்கப் பரப்பிவிட்டார்கள். புதைத்த அன்றுகூட அழாதவள், அந்தத் துணிக்கு நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இரண்டும் அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டன. நான் கடைக்குத் திரும்பினேன்.

எனக்கு எழுபத்தொன்று. இவர்கள் பதினைந்து வருஷம் இருப்பார்கள். துணி போதுமா என்று பார்க்காமல் கத்தரி வைக்கிறவன் இல்லை நான். நாய் போனால் நமக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். நாம் போனால் அதற்கு எப்படி இருக்கும் என்பதையும் சின்னவனிடம் பார்த்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூடையை எடுத்துக்கொண்டு போ. மறுபேச்சு வேண்டாம்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உனக்கான ஆசி, நீ வந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: இதை உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அவன் உங்களவிட இருபது வயசு சின்னவன். நமக்கப்புறம் அவன் பாத்துக்கட்டும், எழுதி வாங்குங்க" என்கிறாள். எனக்கு இது ஏன் தோன்றவில்லை? ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. இரண்டையும் பிரிக்கமாட்டேன் என்றும் சேர்த்து எழுது.